துணி நாப்கின்: எட்டு அடுக்கு வைத்தும் ஓரத்தில் கசிகிறது, எங்கே தப்பு?

பாவுநூல்

பகல் நேரத்துக்கான துணி நாப்கின் ஒண்ணு ஆர்கானிக் பருத்தியில் வடிவமைச்சிருக்கு. அளவு எல்லாம் கீழே தர்றேன், எங்க இடிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க.

மேல்துணி கறுப்பு ஃபிளானல் (மெத்துனு இருக்கிற பருத்தித் துணி), 160 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம். உள்ளே ஈரத்தை உறிஞ்சுற உள்பட்டையும் அதே ஃபிளானல்தான், 8 அடுக்கு, ஒவ்வொண்ணும் 22 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். அடியில் பி.யு.எல்., அதாவது பாலியூரித்தேன் படலம் பூசின, தண்ணி புகாத பாலியஸ்டர் துணி. மொத்த நீளம் 26 செ.மீ. பக்கத்துல நீட்டிக்கிட்டிருக்கிற சிறகை உள்ளாடைக்கு அடியில மடிச்சு பட்டன் போட்டா நடு அகலம் 8 செ.மீ. வருது. உள்பட்டை நகராம இருக்க, மேலிருந்து பி.யு.எல். வரைக்கும் எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சு சுத்தி ஜிக்ஜாக் போட்டிருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி துணியை ஒரு தடவை பச்சைத் தண்ணியில அலசினதோட சரி.

பிரச்சினை மூணு. சிறகு ஆரம்பிக்கிற இடத்துல பக்கவாட்டில் கசியுது, ஆனா பிரிச்சுப் பார்த்தா உள்பட்டையோட ரெண்டு முனையும் காய்ஞ்சே கிடக்கு. மூணாவது துவைப்புக்கு அப்புறம் படகு மாதிரி குவிஞ்சுடுது. ரெண்டு நாள் காயப்போட்டாலும் நடுப்பகுதி ஈரம் போகல. இன்னும் ரெண்டு அடுக்கு சேர்த்தா கசிவு நிக்குமா?

ஊசிமுனை

அடுக்கு சேர்க்காதீங்க. இருக்கிறதுலயே பாதியை எடுக்கணும்.

கசிவு எங்கேர்ந்துன்னு நீங்களே எழுதிட்டீங்க: உள்பட்டையைச் சுத்தி பி.யு.எல்.லோட சேர்த்துப் போட்ட ஜிக்ஜாக். ஊசி இறங்கின ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள நூல் இருக்கு. நூல் பருத்தியா இருந்தா அது விளக்குத் திரி மாதிரி ஈரத்தை மேலேர்ந்து கீழே இழுத்துக்கிட்டே இருக்கும். அதுவும் ஜிக்ஜாக்னா ஓட்டை ரெண்டு வரிசை.

உள்பட்டையை மேல்துணியோட மட்டும் சேர்த்துத் தைங்க. மேல்துணியைத் தலைகீழா விரிச்சு, உள்பட்டையை நடுவில் வெச்சு, 3 மி.மீ. நேர்த்தையல். அதுக்கு அப்புறம்தான் பி.யு.எல். வரணும். அது வெளி விளிம்புல மட்டும் தையல் வாங்கினா போதும்.

சிறகு சேருற வளைவுல இன்னொரு விஷயம் கவனிங்க. திருப்பித் தைக்கிறப்போ மேல்துணி கொஞ்சம் பின்பக்கம் உருண்டு வந்திருக்கா? ஒரு மி.மீ. கறுப்பு ஃபிளானல் பின்னால எட்டிப் பார்த்தாலும் அது உள்ளாடையைத் தொடும். பருத்தி பருத்தியைத் தொட்டா ஈரம் தாண்டும், தடுப்பு அடுக்கு இருந்தும் பிரயோஜனமில்லை. அந்த வளைவுல தையலுக்கு விட்ட இடத்தை 5 மி.மீ.க்கு ஒரு தரம், தையல்ல படாம நறுக்கிட்டுத் திருப்புங்க. விளிம்பை நகத்தால நீவி, பி.யு.எல். ஒரு நூலளவு முன்பக்கம் வர்ற மாதிரி வெச்சு, ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி மேல்தையல் போடுங்க.

காடாத்துணி

கொள்ளளவுக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம், அடுக்கு சேர்க்கும் ஆசை அதோடு தீர்ந்துவிடும். உங்கள் உள்பட்டை 22 × 7 செ.மீ., அதாவது 154 சதுர செ.மீ. எட்டு அடுக்கு 160 ஜி.எஸ்.எம். என்றால் மொத்தம் 1,280 ஜி.எஸ்.எம். பெருக்கினால் ஏறக்குறைய 20 கிராம் பருத்தி. உடல் அழுத்தத்தில் தன் எடையைப் போல இரண்டு மடங்கு மட்டுமே பிடிக்கும் என்று குறைத்து வைத்தாலும் 40 மில்லி வருகிறது. சராசரி மாதவிடாய் ஒன்றில் எல்லா நாளும் சேர்த்து வெளியேறும் இரத்தமே 30 முதல் 40 மில்லிதான். கூட வரும் சளியும் திசுவும் நீரும் தனிக்கணக்கு என்றாலும், சில மணி நேரத்துக்கு ஒரு நாப்கினில் இத்தனை இடம் தேவையில்லை.

முனைகள் காய்ந்திருப்பதுதான் இங்கே துப்பு. திரவம் விழுந்த இடத்திலேயே நிற்கிறது, நீளவாக்கில் ஓடவில்லை. நடுவில் தேங்கியது மிகப் பக்கத்தில் இருக்கும் விளிம்பைத் தேடிப் போகும். 26 செ.மீ. நீளத்தில் மிகப் பக்கத்து விளிம்பு பக்கவாட்டுதான்.

ஓடாததற்குக் காரணம் துணி முழுதாக வெந்து சுத்தமாகவில்லை என்பதாக இருக்கலாம். பருத்தி இழை மீது இயற்கையாகவே மெழுகும் பெக்டினும் படிந்திருக்கும். தறியில் பாவுக்கு, அதாவது நீளவாக்கு நூலுக்கு, ஏற்றிய கஞ்சி வேறு. பச்சைத் தண்ணீரில் அலசினால் இவை போகாது. ஒரு சோதனை செய்யுங்கள்: துணியைச் சமமாக விரித்து, 1 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டின் பளபளப்பு 5 விநாடிக்குள் மறைய வேண்டும். முத்துப் போல உருண்டு நின்றால் மெழுகு மிச்சம் இருக்கிறது. கஞ்சியைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு அயோடின் போதும், மாவுக் கஞ்சி என்றால் நீலக் கறுப்பாக மாறும். கறுப்புத் துணியில் அது தெரியாது. உள்பட்டைக்கு வெள்ளைத் துணி நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாவுநூல்

சொட்டு 40 விநாடிக்கு மேல நிக்குது! இதை வீட்டிலேயே சரி பண்ண முடியுமா?

காடாத்துணி

முடியும். வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டும், பி.யு.எல். சேர்த்த பிறகு முடியாது. ஒரு கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், 60 கிராம் சலவை சோடா, ஒரு தேக்கரண்டி நிறமும் வாசனையும் இல்லாத டிடர்ஜென்ட். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். துணி மேலே மிதந்து காற்றுக்குமிழ் பிடித்துக்கொண்டால் அந்த இடம் மட்டும் வேகாமல் நின்றுவிடும், கட்டையால் அமுக்கிக்கொண்டே இருங்கள். பழுப்பான தண்ணீர் வடியும். வெளுக்காத காடா துணி என்றால் அந்தப் பழுப்பு கஷாயம் போலவே இருக்கும். சூடாகவே ஒரு அலசல், பிறகு இரண்டு சாதா அலசல். மீண்டும் சொட்டுச் சோதனை. தேறாவிட்டால் இன்னொரு முறை.

உங்கள் கறுப்பு மேல்துணியை மட்டும் இதில் போடாதீர்கள். சாயம் இறங்கும்.

ஊசிமுனை

படகு மாதிரி குவியறதுக்கும் இதான் காரணம். ஃபிளானல் முதல் சில துவைப்புல 5லேர்ந்து 10 சதவீதம் வரைக்கும் சுருங்கும், பாவு வாக்குல ஊடையைவிட (குறுக்கு நூல்) அதிகமா. பி.யு.எல். ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. 26 செ.மீ.ல 5 சதவீதம்னா 13 மி.மீ. மேல்பக்கம் அவ்வளவு குறைஞ்சு, அடிப்பக்கம் அப்படியே இருந்தா, வளையாம என்ன பண்ணும்?

சொட்டுச் சோதனை தேறினாலும், வெட்டுறதுக்கு முன்னாடி மூணு தடவை துவைச்சு முழுசா காய வெச்சு இஸ்திரி போட்டு வெட்டுங்க. பாவு வாக்கு எல்லாத் துண்டிலயும் நீளத்துக்கே வரட்டும். துணி மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு துண்டைக் குறுக்கா போட்டா அந்த ரெண்டும் வேற அளவு சுருங்கி உள்ளே சுருண்டுக்கும்.

மூன்றுமடிப்பு

ஆர்கானிக் பருத்தி என்று ஆரம்பித்துவிட்டு அடியில் பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர் ஏன் என்ற கேள்வியை யாருமே எழுப்பவில்லை. பி.யு.எல். இருப்பதால்தான் கொதிக்க வைக்க முடியவில்லை, இஸ்திரி போட முடியவில்லை, அடிப்பக்கமாக ஈரம் வெளியேறவும் வழியில்லை. நெருக்கமாக நெய்த பருத்தி ட்வில் அல்லது கெட்டிக் கான்வாஸ் போட்டால் நாப்கின் முழுவதும் ஒரே இழை.

ஊசிமுனை

ட்வில் ஈரத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மெல்லிய போக்குக்கான லைனருக்குச் சரி. அதிகப் போக்கு இருக்கிற நாள்ல, உக்கார்ந்து எழுந்திருக்கிற அழுத்தத்துல, ட்வில் நனைஞ்ச நிமிஷத்திலேர்ந்து அது இன்னொரு உறிஞ்சு அடுக்கு மட்டும்தான்.

மூன்றுமடிப்பு

அதை மறுக்கவில்லை. கம்பளி ஃபெல்ட் என்று ஒன்று இருக்கிறதே? லானோலின் (ஆட்டு ரோமத்தின் இயற்கை மெழுகு) ஏற்றிய கம்பளி நீரை வெளியே விடாமல், ஆவியை மட்டும் விடும். 2 மி.மீ. கெட்டி ஃபெல்ட் பகல் நாப்கினுக்குப் போதும்.

சலவைக்கல்

கம்பளி நல்ல பொருள்தான். ஆனால் அதைக் கையால், வெதுவெதுப்பான தண்ணீரில், கசக்காமல் துவைக்க வேண்டும். புரதத்தைச் செரிக்கும் என்சைம் கலந்த டிடர்ஜென்ட் இரத்தக் கறைக்கு மிக நல்லது, அதே என்சைம் கம்பளியையும் தின்னும், ஏனென்றால் கம்பளியும் புரதம். நாப்கினின் இரண்டு பாகமும் இரண்டு விதச் சலவை கேட்டால் ஏதாவது ஒன்று சீக்கிரம் வீணாகும். கம்பளியைத் தைத்து மூடாமல், கழற்றக்கூடிய அடித்தளமாக வைத்தால் மட்டுமே அது ஒத்துவரும்.

மூன்றுமடிப்பு

சரியாகப் பிடித்தீர்கள். நான் சொல்ல வந்ததே கழற்றும் வடிவம்தான். உறிஞ்சும் துணி தனி, சிறகு உள்ள அடித்தளம் தனி. உறிஞ்சும் துணி 24 × 21 செ.மீ. செவ்வகம், இரண்டு அடுக்கு இன்டர்லாக் பனியன் துணி, நான்கு பக்கமும் ஓவர்லாக் (பிசிறு வராத ஓரத் தையல்). மூன்றாக மடித்தால் 24 × 7 செ.மீ., ஆறு அடுக்கு. துவைக்கும்போதும் காயும்போதும் வெறும் இரண்டு அடுக்கு. கைக்குட்டை போலக் காயும், ஒரு துளி பி.யு.எல். இல்லாததால் கொதிக்கவும் வைக்கலாம்.

அடித்தளத்தின் இரண்டு முனையிலும் குறுக்கே 2.5 செ.மீ. அகலப் பட்டை தைத்து, மடித்த துணியை அதற்கடியில் செருகுங்கள். மடிக்கும்போது திறந்த விளிம்பு அடியில் போகட்டும், இரண்டு பக்கவாட்டிலும் மடிப்பே வர வேண்டும். வெட்டு விளிம்பைவிட மடிப்பு விளிம்பில் பிசிறு இல்லை, தொடையில் உறுத்தாது.

பாவுநூலின் மூன்றாவது பிரச்சினைக்கு, அதாவது காயாமைக்கு, இதைவிட நேரான தீர்வு எனக்குத் தெரிந்து இல்லை.

ஊசிமுனை

நகரும். பட்டை 2.5 செ.மீ.தான்னா, நடந்தா நடுவில் குவிஞ்சு கயிறு மாதிரி திரியும். பட்டையை 4 செ.மீ. ஆக்கி, அடித்தளத்தோட மேல்பக்கம் வழவழப்பா இல்லாம ஃபிளானல் வெச்சா ஓரளவு நிக்கும். முழுசா தைச்ச நாப்கின் அளவுக்கு நிக்காது. பழக்கமில்லாதவங்களுக்குத் தைச்சதுதான் எளிது. காயணுங்கிறதுக்காகத் தைச்சதை ஒதுக்க வேண்டாம், உள்பட்டையை மட்டும் நாக்கு மாதிரி தொங்க விடலாம்: ஒரு முனையை மட்டும் அடித்தளத்தோட தைச்சுட்டு, மீதி சும்மா மேல படுத்திருக்கும். துவைக்கிறப்போ புரட்டிப் போட்டா ரெண்டு பக்கமும் காத்து படும்.

பாவுநூல்

நாக்கு வடிவம் பிடிச்சிருக்கு. அப்போ உள்ளே எத்தனை அடுக்கு, எந்தத் துணி? டெர்ரி (துண்டு மாதிரி வளையம் வெச்ச துணி) போடலாமா, சணல் கலந்தது போடலாமா?

காடாத்துணி

எத்தனை என்பதைவிட எந்த வரிசை என்பது முக்கியம். குறுகிய நுண்துளை அகன்ற துளையிடமிருந்து திரவத்தை இழுக்கும், மறுபக்கம் போகாது. ஆகவே தோலை ஒட்டியது கொஞ்சம் திறந்த பின்னல், கீழே போகப் போக நெருக்கம். இதைத் தலைகீழாக அடுக்கினால் மேல்துணி தன் ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் நசநசவென்று இருக்கும், கீழே உள்ள அடுக்குகள் வெறும் பருமன். எட்டு அடுக்கும் ஒரே ஃபிளானல் என்றால் கீழே இழுக்கும் தூண்டுதலே குறைவு.

பகல் நாப்கினுக்கு என் பரிந்துரை: மேலே 200 ஜி.எஸ்.எம். இன்டர்லாக். அடுத்து ஒரு ஃபிளானல். நடுவில் 350 ஜி.எஸ்.எம். டெர்ரி ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு ஃபிளானல். டெர்ரியின் வளையங்களை ஒரு தேக்கமாகப் பாருங்கள், இழுக்கும் வேலையை அது செய்யாது. அதனால்தான் அதன் கீழ் நெருக்கமான துணி ஒன்று வேண்டும். உள்பட்டை மட்டும் 670 ஜி.எஸ்.எம்., உங்கள் இப்போதைய பருமனில் பாதிதான்.

சணல் வகையில் நீங்கள் கேட்பது ஹெம்ப் (கஞ்சாச் செடி வகையின் நார்) என்றால், அது நிறைய பிடிக்கும், மெதுவாகத்தான் பிடிக்கும். ஆகவே எப்போதும் கடைசி அடுக்கு. கோணிச் சணலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூங்கில் என்று விற்பது பெரும்பாலும் விஸ்கோஸ்தான் (கூழாக்கிக் கரைத்துச் செய்த இழை): மெத்தென்று இருக்கும், நன்றாக உறிஞ்சும், ஆனால் நனைந்தால் வலு இழக்கும். பருத்தி நேர் எதிர், நனைந்தால் வலு கூடும். திரும்பத் திரும்பத் துவைக்கும் பொருளுக்குப் பருத்தியைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு குணமே போதும். மைக்ரோஃபைபர் படபடவென்று இழுக்கும், அழுத்தினால் அதே வேகத்தில் திருப்பிக் கொடுக்கும். வேண்டாம்.

ஊசிமுனை

அளவு விஷயத்துல ரெண்டு திருத்தம். எல்லா அடுக்கையும் ஒரே அளவுல வெட்டாதீங்க, ஓரம் படிக்கட்டு மாதிரி நிக்கும், உள்ளாடைக்கு வெளியே அச்சு தெரியும். கீழ் அடுக்கு 22 × 6.5, டெர்ரி 17 × 5, அப்புறம் மேல் ஃபிளானல் 22 × 6.5. டெர்ரி சின்னதா நடுவில் மறைஞ்சிடும்.

நடு அகலம் 8 செ.மீ. பெருசு. தொடை ரெண்டும் சேர்ந்து அமுக்குறப்போ அது நடுவில் மடிஞ்சு வாய்க்கால் ஆகும், அந்த வாய்க்கால் கொட்டுறது முன்னாடியோ பின்னாடியோ. பட்டன் போட்ட பிறகு 6.5 செ.மீ., அதிகபட்சம் 7. முன் முனையும் பின் முனையும் 8லேர்ந்து 9 இருக்கலாம். சிறகு விரிச்ச மொத்த அகலம் 18லேர்ந்து 19 வரும்.

உள்பட்டை மேல நீளவாக்குல ரெண்டு தையல், நடுவிலேர்ந்து பக்கத்துக்கு 1.5 செ.மீ. தள்ளி. துணி அமுங்கின அந்தக் கோட்டு வழியா ஈரம் முனை வரைக்கும் ஓடும். அழகா இருக்குன்னு கட்டம் கட்டமா போட்டுடாதீங்க. எல்லா இடமும் அமுங்கினா தேங்க இடமில்லை.

பாவுநூல்

மாதிரி தைச்சதும் எதை ஊத்திச் சோதிக்கிறது? தண்ணிதானே?

காடாத்துணி

தண்ணீர் ஏமாற்றும். அது நீர்த்தது, எதிலும் ஓடிவிடும். எடையில் 40 பங்கு கிளிசரின், 60 பங்கு தண்ணீர் கலந்தால் அறை வெப்பத்தில் தண்ணீரைவிட ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்கு பாகுத்தன்மை வரும், அது இரத்தத்துக்குக் கிட்டத்தட்ட. கொஞ்சம் சிவப்புச் சாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டியும் சளியும் இதில் இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செய்முறை: நாப்கினின் உலர் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டையாக வைத்து நடுவில் ஊசியில்லாத சிரிஞ்சால் 5 மில்லி, ஒரு நிமிடம் எடுத்து மெதுவாக. பத்து நிமிடம் விட்டு மறுபடி 5 மில்லி. பிறகு ஒரு டிஷ்யூவை மேலே வைத்து, உள்பட்டை அளவு பலகையும் அதன் மேல் 2 கிலோவும் ஒரு நிமிடம். டிஷ்யூவின் எடை எவ்வளவு கூடியதோ அதுதான் தோலுக்குத் திரும்ப வரும் ஈரம். இன்னொரு டிஷ்யூவை அடியிலும் ஓரங்களிலும் சுற்றி வையுங்கள், கசிவு எந்த வளைவில் என்று சிவப்பாகவே காட்டிவிடும். இதைப் புதுத் துணியில் ஒரு முறையும், பத்துத் துவைப்புக்குப் பிறகு ஒரு முறையும் செய்யாமல் வடிவத்தை முடிவு செய்யாதீர்கள்.

கொள்ளளவு என்று எங்காவது அச்சிட்ட எண்ணையும் இதே கண்ணோடு பாருங்கள். உப்புநீரிலும் தண்ணீரிலும் அளந்த எண் வேறு, இரத்தத்தில் அளந்த எண் வேறு. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு உண்மையான இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு பலவகை மாதவிடாய்ப் பொருள்களை அளந்தது. அதில் மாதவிடாய் உள்ளாடைக்குச் சராசரியாக 2 மில்லிதான் கிடைத்தது.

சலவைக்கல்

இனி துவைப்பது. வடிவமைக்கிறவர்கள் இதைக் கடைசியில் யோசிப்பதால்தான் பாதி நாப்கின் மூலையில் கிடக்கிறது.

முதலில் குளிர்ந்த தண்ணீர். சூடு பட்டால் இரத்தப் புரதம் இறுகி இழையில் உட்கார்ந்துகொள்ளும், முட்டை வெள்ளை வெந்தது போல. தண்ணீர் தெளியும் வரை பிழிந்து, புதுத் தண்ணீரில் ஊறவையுங்கள். இரவு முழுதும் என்பதுதான் எல்லை, அதற்கு மேல் ஊறினால் அதுவே நாற்றத்துக்குக் காரணம். கட்டிச் சோப்பைக் கடினத் தண்ணீரில் தேய்த்தால் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக இழையில் படியும். பல மாதத்தில் நாப்கின் உறிஞ்சுவதை நிறுத்திவிடும், ஆட்கள் துணியைக் குறை சொல்வார்கள். திரவ டிடர்ஜென்ட் அல்லது பொடி, குறைந்த அளவில். மென்மையாக்கும் கண்டிஷனர் ஒரு சொட்டுகூட வேண்டாம், அது இழை மேல் பூச்சாகப் படிந்து நீரை விலக்கும். கிருமிநாசினித் திரவமும் தேவையில்லை, மிச்சம் தங்கினால் தோல் எரியும்.

பழைய கறைக்கு சோடியம் பெர்கார்பனேட், 5 லிட்டருக்கு 15 கிராம், 40 டிகிரி வெதுவெதுப்பில். குளிர்ந்த தண்ணீரில் அது சோம்பேறி. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு பொட்டுக் கறைக்கு நல்லது, பொங்கி வரும், வெள்ளைத் துணிக்கு மட்டும். குளோரின் பிளீச் பருத்தியையும் மெலிய வைக்கும், பி.யு.எல்.லையும் பிரிக்கும். பி.யு.எல். உள்ள எதையும் 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

வெயிலில் போடும்போது பருத்திப் பக்கம் மேலே, பி.யு.எல். பக்கம் கீழே. பாலியூரித்தேனை நேர்வெயில் வருடக்கணக்கில் உடைத்து, வெடித்த சுண்ணாம்புச் சுவர் போல ஆக்கிவிடும். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது போதாது, விரல் சூட்டில் ஈரம் தெரியாது. தராசில் வையுங்கள்: முதல் நாள் எழுதி வைத்த உலர் எடையைவிட அரை கிராம் கூட இருந்தாலும் பெட்டியில் வைக்காதீர்கள்.

காடாத்துணி

கடைசி எண்ணை மட்டும் தளர்த்த வேண்டும். பருத்தி காற்றிலிருந்தே தன் உலர் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை எடுத்து வைத்திருக்கும், மழை நாளில் அதற்கும் மேல். 20 கிராம் பருத்தி முழுக்கக் காய்ந்த பிறகும் பருவத்துக்குப் பருவம் ஒரு கிராம் ஏறி இறங்கும். அரை கிராம் என்று பிடிவாதம் பிடித்தால் மழைக்காலம் முழுக்க எதையும் பெட்டியில் வைக்க முடியாது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை நிறுத்துப் பாருங்கள். எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

சலவைக்கல்

ஒப்புக்கொள்கிறேன். இரண்டு முறை நிறுப்பதுதான் சரி.

பாவுநூல்

ஆர்கானிக்னு சொல்லி வாங்கின ஃபிளானலுக்கு ஓ.சி.எஸ். (ஆர்கானிக் கன்டென்ட் ஸ்டாண்டர்டு) சான்று காட்டினாங்க. போதுமா?

காடாத்துணி

ஓ.சி.எஸ். இழை எங்கிருந்து வந்தது, எத்தனை சதவீதம் ஆர்கானிக் என்பதை மட்டும் தொடர்ந்து காட்டும். சாயத்தில், வேகவைப்பில் என்ன ரசாயனம் போட்டார்கள் என்று அது கேட்காது. காட்ஸ் (ஜி.ஓ.டி.எஸ்., ஆர்கானிக் ஜவுளிக்கான உலகத் தரச்சான்று) இரண்டையும் கேட்கும்: 95 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆர்கானிக், 70 சதவீதத்துக்கு மேல் என்றால் ஆர்கானிக் இழை கொண்டு செய்தது என்று இரண்டு தரம். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 வேறு வகை: தீங்கான பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும், ஆர்கானிக்கா என்பது அதன் வேலையில்லை. பி.யு.எல்.லுக்குக் கேட்க வேண்டியது அது.

ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆர்கானிக் பருத்தி சாதாப் பருத்தியைவிட அதிகம் உறிஞ்சாது. வயலிலும் ஆலையிலும் என்ன தெளித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம், இழையின் உறிஞ்சு திறனில் இல்லை. சான்றிதழ் இருக்கிற துணியும் வேகாவிட்டால் 40 விநாடிதான். நீர் விலக்கும் பூச்சு என்று எதையாவது தந்தால் அதில் பி.எஃப்.ஏ.எஸ். எனும் எளிதில் சிதையாத ஃபுளோரின் வகை ரசாயனம் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பி.யு.எல்.லுக்கு அந்தப் பூச்சு தேவையே இல்லை, படலமே தடுத்துவிடும்.

மூன்றுமடிப்பு

பி.யு.எல். போடுவதாகவே முடிவு என்றால், பின்னால் பிரிக்கும் வசதியையாவது விடுங்கள். வெளி விளிம்பில் மட்டும் ஒரே தையல் இருந்தால், ஆயுள் முடிந்ததும் அதைப் பிரித்துப் பருத்தியை மண்ணுக்கு விடலாம். பசை வைத்து ஒட்டினால் அதுவும் போச்சு.

ஊசிமுனை

ஒட்டவே வேண்டாம், அதுல உங்களோட ஒத்துப்போறேன். பி.யு.எல். தைக்கிறப்போ: பளபளப்பான படலம் உள்ளே, துணிப் பக்கம் வெளியே. வழவழப்பு வெளியே இருந்தா உள்ளாடையில சறுக்கும், படலமும் சீக்கிரம் கீறும். குண்டூசி குத்தாதீங்க, கிளிப் போடுங்க. ஊசி 70 அல்லது 75, புதுசு. தையல் நீளம் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நெருக்கமா போட்டா தபால்தலை மாதிரி கிழியும். படலம் பாதத்துல ஒட்டிக்கிட்டு நகராம இருந்தா மெழுகுத்தாள் ஒண்ணை மேல வெச்சுத் தைச்சுட்டு, அப்புறம் கிழிச்சு எடுத்துடுங்க. வெளி மேல்தையலுக்குப் பாலியஸ்டர் நூல், உள்பட்டைக்குப் பருத்தி நூல். பிரிச்சுத் தைக்கிற பழக்கம் இங்க ஆகாது, பழைய ஓட்டை மூடாது.

பாவுநூல்

கடைசியா பட்டன். இப்போ ஒரே ஒரு ஜோடி இருக்கு. நாலு துவைப்புல ஃபிளானலைக் கிழிச்சுட்டு வந்துடுச்சு.

ஊசிமுனை

ஃபிளானல் மட்டும் தாங்காது. சிறகு முனையில ரெண்டு அடுக்குக்கு நடுவில் 2.5 செ.மீ. சதுரத் துண்டு வையுங்க, பி.யு.எல். வெட்டுல மிஞ்சினதே போதும். சைஸ் 20 பிளாஸ்டிக் பிரஸ் பட்டன், மூடி 12 மி.மீ. சொச்சம் வரும். விளிம்பிலேர்ந்து பட்டன் நடு வரைக்கும் 1.2 செ.மீ. விடுங்க. முள் மூணு அடுக்கைத் தாண்டி வெளியே குறைஞ்சது 3 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கணும், குட்டையா இருந்தா அமுக்கினாலும் விரியாது, அதான் கழண்டு வந்திருக்கும். அமுக்கின பிறகு முள் நேர் நடுவில் தட்டையா நசுங்கியிருக்கான்னு பாருங்க, ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா உடைச்சுட்டு வேற போடுங்க. உலோகப் பட்டன் வேண்டாம், பெர்கார்பனேட்ல துருப்பிடிக்கும், நிக்கல் ஒத்துக்காத தோலும் உண்டு.

ஒரு சிறகுல பெண் பட்டன் (குழி இருக்கிற பாதி) ரெண்டு, 1.2 செ.மீ. இடைவெளியில. உள்ளாடையோட நடுப்பட்டை எல்லாருக்கும் ஒரே அகலம் இல்லை, தொளதொளன்னு இருந்தா நாப்கின் சுழலும், ரொம்ப இறுக்கினா நடுவில் கூரை மாதிரி தூக்கும்.

பாவுநூல்

அந்த ரெண்டு பெண் பட்டன் எந்தச் சிறகுல, இடமா வலமா?

ஊசிமுனை

எதுல வேணும்னாலும். ஆனா எல்லா நாப்கினிலயும் ஒரே பக்கம் வைங்க, நாக்கு தைச்ச முனையும் எல்லாத்துலயும் முன்பக்கமே வரட்டும். இருட்டுல தடவிப் பார்த்தே எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியும்.